உங்க ஆளுங்க முறை

கரண்ட் பில், கடவுள் இரண்டையும் லேப் அம்மா தன் கணவரின் பொறுப்பில் விட்டிருந்தாள். பில்லை அவர் மாதம் தவறாமல் கட்டினார். பிரார்த்தனையை நாள் தவறாமல் செய்தார். கூடத்து அலமாரிக்கு முன்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்கும்போது அவள் சமையலறையில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொள்வாள். வீட்டுக்கு ஒருவர் பேசினால் போதாதா, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் அங்கே யார் காதில் எது விழும் என்பது அவள் கட்சி. அவர் சிரித்துவிடுவார். சிரித்ததால் விட்டுப்போனதை மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

அவர் போன பிறகு கரண்ட் பில் கட்டக் கற்றுக்கொண்டாள். இன்னொன்றைக் கற்றுக்கொள்ளவில்லை.

அவள் டீச்சர் இல்லை. பள்ளிக்கூடத்து ரசாயனக் கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி, பாட்டில்களில் பெயர் ஒட்டி, அடுப்பை ஏற்றி அணைத்து ஓய்வு பெற்றவள். ஆனால் ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் குழாயை உடைத்துவிட்டு அவளிடம் திட்டு வாங்கியவர்கள். அந்தத் திட்டின் மரியாதை 'லேப் அம்மா' என்ற பெயராக ஒட்டிக்கொண்டது. கணவர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லை.

அவர்களுடையது சின்ன மதம். ஒரு காலத்தில் ஊரில் ஒரு முழுத் தெருவை நிரப்பும் அளவுக்கு அவர்கள் ஆட்கள் இருந்தார்கள். பிழைப்புக்காக ஒவ்வொரு குடும்பமாகப் பெரிய ஊர்களுக்கு நகர்ந்தது. அவர்களுடைய பிரார்த்தனை மண்டபத்தில் இப்போது கணக்கு டியூஷன் நடக்கிறது. மிச்சம் இருந்தது இந்த ஒரு வீடு, அதிலும் இப்போது ஒரே ஆள்.

தெரு கெட்ட தெருவா என்றால் இல்லை. கெட்ட தெருவாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அது ரொம்ப மரியாதையான தெரு. கண்ணாடிக்கடைக்காரர் இறந்த அன்று எல்லாரும் வந்தார்கள், கேட் வரைக்கும். செருப்பைக் கழற்ற வேண்டுமா, உள்ளே வரலாமா, உரக்க அழுதால் தப்பா, அழாவிட்டால் தப்பா, ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க ஆளுங்க முறை என்னன்னு தெரியலக்கா. தெரியாம எதையாவது தப்பாப் பண்ணிடக் கூடாதேன்னுதான் உள்ள வரல."

வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். முறைகள் தெரிந்தவர்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார்கள். புறப்படும்போது நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, அவள் கையைப் பிடித்து, "பேசாம இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாத்தனாருக்கு எப்போதுமே வாய் காரம். இதையும் அந்தக் கணக்கில்தான் லேப் அம்மா எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தெரு இன்னும் மரியாதையானது. அவள் வீட்டைத் தாண்டும்போது ஆட்கள் குரலைத் தாழ்த்தினார்கள். பக்கத்து வீட்டு ஜெராக்ஸ் கடைக்காரர் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் தெருமுனையில்தான் உதைத்துக் கிளப்பினார். எதிர்வீட்டில் அவள் ஜன்னல் திறந்திருந்தால் பாட்டை நிறுத்தினார்கள். இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தால் ஃபிரிட்ஜ் உறுமுவதும் ஓய்வதும்தான் வீட்டில் நடக்கும் சம்பவம். ஓய்ந்ததும் எப்போது மறுபடி உறுமும் என்று காத்திருப்பாள். அவளுக்கே அது வெட்கமாக இருந்தது.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு நாள் டைரக்டர் வந்தார்.

உள்ளூர் சேனலில் 'எல்லோரும் நம்மவரே' என்று ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தெரு, அதில் எல்லா மதமும், எல்லா ஜாதியும், ஏழை பணக்காரர் எல்லாரும் ஒற்றுமையாக இருப்பார்கள். இருக்க முடியாதபோது அரை மணி நேரத்துக்குள் சமாதானமாகிவிடுவார்கள். இந்த ஊரிலேயே எடுத்ததால் ஊருக்கு அதன் மேல் தனிப் பெருமை. சேனலின் பெரிய ஆட்கள் ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் இருக்கிறார்கள், இந்தச் சின்ன மதம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. உடனே டைரக்டர் தொடரின் தெருவில் ஒரு கடிகாரக்கடைக்காரரைக் குடிவைத்தார். நல்லவர், அமைதியானவர். இப்போது அவரைக் கொல்லப் போகிறார். மக்கள் மனதில் ஒரு ஆளை நிறுத்தவேண்டுமென்றால் அவனைச் சாகடிப்பதுதான் சுலபம் என்பது டைரக்டரின் அனுபவம்.

"சாவு சீன்ல தப்பு வந்துடக் கூடாதும்மா. உங்க ஆளுங்க மனசு நோகக் கூடாது. அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு" என்றார்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. லேப் அம்மாவுக்கு ஒரு முறையும் தெரியாது. மாமனார் இறந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். மாமியார் இறந்தபோதும் அங்கேதான். கணவர் இறந்தபோது அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாத்தனாரின் போன் நம்பரைக் கொடுத்திருக்கலாம். ஆனால் டைரக்டர் கூடத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, டீயை ஊதிக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்றால் டீயை முடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

"சாயங்காலம் ஆனா..." என்று ஆரம்பித்தாள்.

"ம், சொல்லுங்கம்மா."

"சாயங்காலம் ஆனா தெருவுல இருக்கறவங்க எல்லாரும் அந்த வீட்டுக்கு வருவாங்க. எல்லா மதத்துக்காரங்களும். ஆறுதல் எல்லாம் சொல்ல மாட்டாங்க."

"அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

"அவங்கவங்க வேலைய எடுத்துட்டு வருவாங்க. துணி மடிக்கறவங்க துணிய மடிப்பாங்க. காய் நறுக்கறவங்க காய் நறுக்குவாங்க. பசங்க வீட்டுப்பாடம் எழுதுவாங்க. வீட்டுல சத்தம் இருக்கணும், அவ்வளவுதான். புருஷனப் பறிகொடுத்த அந்தப் பொண்ணு வாயத் திறந்து 'போயிட்டு வாங்க'ன்னு சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்க மாட்டாங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியம். எங்கேயோ படித்ததை ஒப்பிப்பது போலத் தடங்கலில்லாமல் வந்தது. படித்ததில்லை. தினமும் சாயங்காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஆசைப்பட்டது அதுதான்.

டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை நாள் யாருக்கும் தெரியாம வச்சிருந்தீங்களேம்மா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

படப்பிடிப்பையும் அவள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். செட் போடுகிறவர் வந்து பிரார்த்தனை அலமாரியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கேமராவில் அது மருந்து அலமாரி மாதிரித் தெரியுமாம். அதைப் பின்கட்டில் வைத்துவிட்டு ஆள் உயரத்துக்குப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் மணியும் மாலையும் திரைச்சீலையுமாக எல்லா மதமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. லேப் அம்மா தடுக்கவில்லை. மாற்றிச் சொல்ல அவளுக்கென்ன தெரியும்?

விதவையாக நடிக்கும் நடிகை, மாமியாரின் கல்யாணப் போட்டோவில் மட்டுமே லேப் அம்மா பார்த்திருந்த மாதிரி ஒரு உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு உடுத்திவிட்ட பெண் லேப் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க ஏம்மா இப்படி உடுத்தறதில்ல? உங்களப் பார்த்தா உங்க ஆளுங்க மாதிரியே தெரியலயே."

"மறந்துபோச்சும்மா" என்றாள் லேப் அம்மா.

பக்கத்து வீட்டுக்காரர்களாக நடிக்க வெளியிலிருந்து ஆள் பிடிப்பானேன் என்று தெருக்காரர்களையே கூப்பிட்டார்கள். காலையில் எல்லாரும் தலை வாரி, பவுடர் பூசி, வரிசையாக அவள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். எதிர்வீட்டம்மா, அவள் கணவரான ஸ்கூல் வேன்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், இன்னும் பலர். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "அக்கா, ஹால் பெருசா இருக்கே!" என்றாள் எதிர்வீட்டம்மா. தரையில் யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்று கலர் டேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொருவரும் தன் டேப்பைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்கள். லேப் அம்மாவுக்கு டேப் கிடையாது. அவளைச் சமையலறை வாசலில், கேமரா பார்ப்பதைக் காட்டும் சின்ன டிவிப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, தப்பு வந்தால் சொல்லச் சொன்னார்கள்.

அந்தப் பெட்டியில் அவள் தன் கூடத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேன்காரர் ஒரு இஸ்திரிப் பெட்டியைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தார். கத்தி பலகையில் படும் சத்தம், பக்கம் புரட்டும் சத்தம், யாரோ தும்மும் சத்தம். நடுவில் நடிகை அழுதுகொண்டிருந்தாள். எதிர்வீட்டம்மாவுக்கு நடிப்பு மறந்துவிட்டது போலிருக்கிறது. மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டு நடிகையின் தோளை அணைத்துக்கொண்டு, நிஜமாகவே விசும்பினாள்.

"கட்!"

எதிர்வீட்டம்மா பதறிப்போய்ச் சமையலறைப் பக்கம் திரும்பினாள். "அக்கா, தொட்டுட்டேனே! உங்க முறையில தொடலாமா? தப்பில்லையே?"

லேப் அம்மா பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"தொடலாம்" என்றாள். "தொடணும்."

"அப்பாடா" என்று எதிர்வீட்டம்மா மறுபடி நடிகையை அணைத்துக்கொண்டாள். அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நடிகையின் தோள் மேல் அந்தக் கை விழுவதை லேப் அம்மா பெட்டியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை என்றால் பொறாமைதான். கிளிசரின் போட்டு அழுகிறவளுக்குக் கிடைக்கிறது, நிஜமாகப் பறிகொடுத்தவள் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள்.

வேலை முடிந்ததும் கூடம் காலியாவதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. செட்டுக்காரர் தன் அலமாரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பழையதை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார். டேப்புகளை யாரும் பிய்க்கவில்லை. அவளும் பிய்க்கவில்லை.

தொடரில் அந்தப் பகுதி வந்த அன்று ஊரே அழுதது. கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் அதே பேச்சு. இருந்தால் அப்படி ஒரு மதத்தில் இருக்க வேண்டும், நம்மிடம் என்ன இருக்கிறது, சாப்பாட்டுப் பந்தியும் சொத்துச் சண்டையும்தானே என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டம்மா ஒரு கூடை துணியோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். பின்னால் வேன்காரர். அதற்குப் பின்னால் ஜெராக்ஸ் கடைக்காரர், கையில் பிரிக்காத காகிதக் கட்டு.

"அக்கா" என்றாள். முகம் சிறுத்துப் போயிருந்தது. "அண்ணன் போனப்ப எங்களுக்குத் தெரியாமப் போச்சே. தெருவே உங்களத் தனியா விட்டுட்டோமே. இப்ப வந்து உட்கார்ந்தா உங்க முறையில ஏத்துக்குமா? நாள் கடந்துட்டா கூடாதா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. லேப் அம்மாவுக்கு அது தெரிந்தேதான் இருந்தது. ஆனால் பசித்தவன் முன்னால் இலையைப் போட்டுவிட்டு, இது உன் பெயருக்குப் போட்டதுதானா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

"கூடும்" என்று சொல்லிக் கேட்டைத் திறந்தாள்.

அன்றிலிருந்து சாயங்காலங்கள் மாறின. அவரவர் பழைய டேப்பிலேயே உட்கார்ந்தார்கள். பீன்ஸ் நறுக்கினார்கள், பட்டன் தைத்தார்கள், வேன்காரர் மனைவியின் மிக்சியைப் பிரித்துப்போட்டுச் சேர்க்கத் தெரியாமல் விழித்தார். யாரோ யாரையோ பற்றிப் புறம் பேசினார்கள். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைகளில் நைந்துபோன பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்தாள். கணவரின் சட்டைகள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவள் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்பதால் வேன்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார், கொட்டாவி விடுவார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார். லேப் அம்மா ஊசியில் நூல் கோப்பது போலப் பாவனை செய்வாள். அவர் பாவம் என்று தோன்றிய பிறகும் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டுத்தான், "சரி, போயிட்டு வாங்க" என்பாள். அந்த நாட்களில் ஃபிரிட்ஜ் உறுமியதா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவள் கெட்டிக்காரிகூட இல்லை. தொடர் வெளியூர்களிலும் தெரிந்தது. நாத்தனாரும் பார்த்தாள். அவர்கள் ஆட்களின் பெரியவர்கள் கூடிப் பேசி, சேனலுக்குப் போன் போட்டுக் கிழித்தார்கள். சேனல் டைரக்டரைக் கேட்டது. டைரக்டர் யாரைக் கைகாட்டினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாத்தனார் முன்கூட்டிச் சொல்லாமல் வந்தாள். கூடம் நிறைந்திருக்கும் வேளை. வாசலில் பையோடு நின்று, தரையெல்லாம் பரந்து கிடந்த காய்களையும் துணிகளையும் மிக்சிப் பாகங்களையும் பார்த்தாள். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"அண்ணி, வாங்க" என்று லேப் அம்மா எழுந்தாள்.

"வர்றது இருக்கட்டும். இது நம்ம முறையா?"

எதிர்வீட்டம்மா கையில் பாதி மடித்த போர்வையோடு லேப் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் நாத்தனாரின் ஒரே வார்த்தையில் அது உடையும். இல்லை என்று சொன்னால் தானே உடைக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இந்தச் சாயங்காலம்தான் கடைசி.

"இல்ல அண்ணி" என்றாள். "நானாச் சொன்னேன்."

"நம்ம முறை என்னன்னு இவங்களுக்குச் சொல்லு."

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா? அன்னிக்கு உன் கையப் பிடிச்சுச் சொல்லிட்டுத்தானே போனேன், பேசாம இருன்னு!" நாத்தனார் தெருக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "துக்க வீட்டுல எங்க ஆளுங்க சத்தமே போட மாட்டோம். யாரும் உள்ள வர மாட்டாங்க. அந்த வீட்ட அமைதியா விட்டுடணும். அதுதான் மரியாதை."

தெருக்காரர்கள் கோபப்பட்டிருந்தால் தேவலை. எங்களை ஏமாற்றிவிட்டாயே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் காலில்கூட விழுந்திருப்பாள். அவர்கள் வெலவெலத்துப் போனார்கள். "ஐயோ, தெரியாமப் பண்ணிட்டோமே", "மன்னிச்சுடுங்கம்மா, உங்க முறைய அவமதிக்கணும்னு இல்ல" என்று நாத்தனாரிடமும் லேப் அம்மாவிடமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு, சிதறிக் கிடந்த பீன்ஸ் காம்புகளைக்கூடப் பொறுக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியேறினார்கள். "போயிட்டு வாங்க" என்று சொல்ல அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

நாத்தனாரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாத்தனார் பொல்லாதவள் இல்லை. கை கழுவிவிட்டு வந்து மெதுவாகத்தான் சொன்னாள்:

"அந்த அமைதி எதுக்கு ஏற்பட்டதுன்னு நெனக்கற? இறந்துபோனவங்க வீட்ட விட்டுக் கெளம்பற சத்தம் வீட்டுல இருக்கறவங்களுக்குக் கேக்கணும்னுதான். கூட்டம் கூடிக் கும்மாளம் போட்டா எப்படிக் கேக்கும்?"

லேப் அம்மா தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். "உங்க வீட்டு அண்ணன் போனப்ப உங்களுக்குக் கேட்டுதா அண்ணி?"

நாத்தனாரும் கணவரை இழந்தவள்தான். அவள் வீட்டில் மகன்கள் எல்லா முறையையும் அச்சுப் பிசகாமல் செய்தார்கள். ரொம்ப நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள். "ஃபேன் சத்தம்தான் கேட்டுது."

காலையில் நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, "சத்தம் வேணும்னா டிவி போட்டுக்கோ" என்று சொன்னாள். பிறகு அவளுக்கே என்னவோ போலாகி, தம்பி மனைவியின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

சேனல் வருத்தம் தெரிவித்துத் திரையில் ஒரு அட்டையைக் காட்டியது. டைரக்டர் போனில், "நீங்களுமா அம்மா" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பின் அவர் செய்ததுதான் வேடிக்கை. தொடரில் அந்த விதவையைத் தூரத்து ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கடிகாரக்கடை இருந்த இடத்தில் ஜூஸ் கடை வந்தது. 'எல்லோரும் நம்மவரே' தெருவில் மறுபடி அவர்கள் ஆட்கள் யாரும் இல்லை. அதை எண்ணிப் பார்த்து யாரும் இந்தத் தடவை குறை சொல்லவில்லை.

நிஜத் தெருவில் மரியாதை இரண்டு மடங்கானது. முன்பு தெரியாமல் ஒதுங்கினார்கள். இப்போது தெரிந்து ஒதுங்கினார்கள். முறையே அதுதான் என்று ஆன பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதுகூடப் பாவம் போல ஆகிவிட்டது. லேப் அம்மா தரையில் இருந்த டேப்புகளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பசை போகவில்லை, அதன் மேல் தூசி ஒட்டிக் கறுத்தது.

ஒரு நாள் எதிர்வீட்டம்மா கோலப்பொடியோ குப்பையோ எதையோ சாக்காக வைத்து வெளியே வந்தபோது லேப் அம்மா கேட்டருகே போய் நின்றாள். வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"முறைய விடும்மா. சும்மா வாங்களேன் சாயங்காலம். முன்ன மாதிரி."

"ஐயோ அக்கா, உங்க அண்ணி அவ்வளவு சொன்ன பிறகு எப்படி?" எதிர்வீட்டம்மா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "அதுக்கென்ன, ஒரு நாள் வர்றோம்."

ஒரு நாள் வருகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எந்த ஊர்க்காரருக்கும் தெரியும். அந்த நாள் காலண்டரில் கிடையாது.

லேப் அம்மா உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். அழ நினைத்தாள், அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தெரு மேல் இல்லை. இத்தனை நாளும் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று உட்கார்ந்திருந்த தன் மேல். ஒரு மதத்தையே புரட்டிப் பேசி ஊரைக் கூட்டத் தெரிந்தவளுக்கு, தெருவைக் குறுக்கே கடக்கத் தெரியவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் இரண்டு கை பூண்டை அள்ளிப் போட்டாள். கதவைப் பூட்டினாள்.

எதிர்வீட்டில் கதவு திறந்துதான் இருந்தது. அவள் நுழைந்ததும் வேன்காரர் எழுந்து நின்றார். டிவியின் சத்தத்தை அணைத்தார். எதிர்வீட்டம்மா ஈரக் கையோடு ஓடிவந்து நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"என்னக்கா? உடம்பு ஏதும் சரியில்லயா? என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்ல. பூண்டு உரிக்கலாம்னு வந்தேன்."

லேப் அம்மா நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தட்டை முன்னால் வைத்து ஒரு பூண்டை உடைத்தாள். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டிவியில் சத்தமில்லாமல் யாரோ யாரையோ அறைந்தார்கள். எதிர்வீட்டம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"இது... இது உங்க ஆளுங்க முறையாக்கா?"

சூடுபட்டவள். கேட்கத்தான் செய்வாள்.

"இல்லம்மா" என்றாள் லேப் அம்மா. "எங்க முறைப்படி நான் என் வீட்டுல பேசாம உட்கார்ந்திருக்கணும். என்னால முடியல."

எதிர்வீட்டம்மா உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. டீ போடுகிறாள் என்று லேப் அம்மாவுக்குத் தெரிந்தது. விருந்தாளிக் கோப்பையில் டீ வரும், சாஸரோடு வரும். குடித்து முடித்ததும், ரொம்ப சந்தோஷம் அக்கா என்பார்கள். எழுந்துதான் ஆக வேண்டும். முடிந்தவரை மெதுவாக உரித்தாள்.

எதிர்வீட்டம்மா கொண்டுவந்தது டீ இல்லை. வாய் நிறையப் பூண்டு இருந்த ஒரு பெரிய பை. அதை அப்படியே லேப் அம்மாவின் தட்டின் மேல் கவிழ்த்தாள். தட்டு நிரம்பித் தரையெல்லாம் உருண்டது.

"அப்ப இதையும் உரிங்க" என்றாள். "ஊறுகாய்க்கு வாங்கி வச்சு அப்படியே கெடக்கு. வந்ததுதான் வந்தீங்க, ரெண்டே ரெண்டு பூண்ட வச்சுக்கிட்டு சீன் போட்டா எப்படி? நுனியக் கிள்ளிட்டு உரிங்க, தோலோட போட்டுடாதீங்க. என்னங்க, நீங்க ஏன் நின்னுட்டே இருக்கீங்க, அவங்களுக்கு டிவி மறைக்குது பாருங்க!"

அந்தத் தெருவில் அவளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கண்ணாடிக்கடைக்காரர் உயிரோடு இருந்தபோது அவர் ஒருவர்தான் அப்படிப் பேசுவார், அதுவும் எப்போதாவது. பூண்டு உரித்தால் கண்ணில் தண்ணீர் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். லேப் அம்மாவுக்கு வந்தது, நிற்காமல் வந்தது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை.

"நுனியக் கிள்ளணுமா?" என்று கேட்டாள்.

"ஆமாங்கறேன்ல" என்றாள் எதிர்வீட்டம்மா, தானும் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.